காற்றில்லாச் செரிமான ஆலைகளுக்குத் தன்விருப்பச் சான்றிதழ்: ஆலை நடத்துவோர் கேட்கும் கேள்விகள்

உணவுக் கழிவு, சாணம், கழிவுநீர்ச் சேறு, பயிர்க் கழிவு போன்றவற்றைக் காற்றுப்படாமல் நொதிக்க வைத்து எரிவாயு (பயோகேஸ்) எடுக்கும் ஆலைகளை நடத்துவோருக்கான பக்கம் இது. சட்டம் கட்டாயப்படுத்தாத ஒரு சான்றிதழைத் தாமாக முன்வந்து வாங்குவது பற்றியும், அது எதிர்பார்க்கும் நடைமுறைகள் பற்றியும் அடிக்கடி வரும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. ஆலையில் புழங்கும் சொற்களையே பயன்படுத்தியிருக்கிறேன். நொதிக்கலன் டைஜஸ்டர். செரித்து முடித்து வெளியே வருவது ஸ்லரி. மிஞ்சிய வாயுவை எரிக்கும் சுடர்க்கம்பம் பிளேர்.

உரிமம் எல்லாம் இருக்கிறது. அப்புறம் சான்றிதழ் எதற்கு?

உரிமம் தரும் அலுவலகங்கள் பல. ஒன்று காற்று, நீர் மாசைப் பார்க்கும். இன்னொன்று தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கும். தீயணைப்புத் துறை தனி. விலங்குக் கழிவு உள்ளே வந்தால் அதற்கு வேறொரு துறை. வாயுவைச் சுத்திகரித்துக் குழாயில் ஏற்றினால் இன்னும் ஒன்று. ஒவ்வொருவரும் தங்கள் பங்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்களுக்கு நடுவில் விழும் விஷயங்கள் யார் பட்டியலிலும் இருக்காது.

டைஜஸ்டரில் நுரை கிளம்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். தீனி, அதாவது உள்ளே போடும் கழிவு, மாறியதால் நுரை வருகிறது. அது வாயுக் குழாயில் ஏறுகிறது, அழுத்த வால்வை அடைக்கிறது, கூரைக்குள் அழுத்தம் கூடுகிறது. கடைசியில் வாயுவோ ஸ்லரியோ வெளியே பீறிடுகிறது. இது நுண்ணுயிர் சிக்கலா, பாதுகாப்புச் சிக்கலா, சுற்றுச்சூழல் சிக்கலா? மூன்றும்தான். "போன முறை நுரை வந்தபோது தீனியை எப்போது நிறுத்தினீர்கள், யார் முடிவெடுத்தார்கள்?" என்று எந்த உரிம அதிகாரியும் கேட்பது அபூர்வம். இந்தத் துறைக்கென்று உருவாக்கிய சான்றிதழின் ஆடிட்டர் கேட்பார். சான்றிதழின் உண்மையான பயன், யாரும் கேட்காத கேள்வியைக் கேட்க ஓர் ஆளை ஆலைக்குள் வரவழைப்பதுதான் என்பது என் கருத்து. கேட்டில் மாட்டும் பலகை அப்புறம்தான்.

இப்படிப்பட்ட சான்றிதழ்கள் எங்கெல்லாம் இருக்கின்றன?

பிரிட்டனில் காற்றில்லாச் செரிமானம் மற்றும் உயிர்வளத் தொழில் சங்கம், அதாவது ஏ.டி.பி.ஏ., ஒரு தன்விருப்பச் சான்றிதழ் திட்டத்தை உருவாக்கியிருக்கிறது. பாதுகாப்பு, சுற்றுச்சூழல், ஆலையின் செயல்திறன் ஆகிய மூன்றையும் ஒரே ஆடிட்டில் பார்ப்பது அதன் சிறப்பு. சங்கம் விதிமுறையை எழுதும், ஆனால் ஆடிட் செய்வது சங்கம் அல்ல, தனிச் சான்றிதழ் நிறுவனங்கள். இந்தப் பிரிவினை முக்கியம். உறுப்பினரிடம் சந்தா வாங்கும் அமைப்பே அவருக்கு மதிப்பெண்ணும் போட்டால் அந்த மதிப்பெண்ணை யார் நம்புவார்கள்?

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 2007-இல் அங்கே பயோகேஸ் ஆலைகள் மீத்தேன் கசிவைத் தாமே தேடிச் சரிசெய்வதாகவும், குறிப்பிட்ட இடைவெளியில் வெளி நிபுணரை வைத்து அளப்பதாகவும் ஒரு தன்விருப்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தன. டென்மார்க்கிலும் கசிவு அளவீடு முதலில் தன்விருப்பத் திட்டமாகத்தான் வந்தது. சில ஆண்டுகளில் அதுவே சட்டக் கட்டாயமாகிவிட்டது.

ஜெர்மனியில் பயிற்சிக்கும் ஸ்லரியின் தரத்துக்கும் தனித்தனி ஏற்பாடுகள். அமெரிக்காவில் அமெரிக்க பயோகேஸ் கவுன்சில் ஸ்லரிக்குச் சான்றிதழ் தருகிறது. உலகளவில் 2021-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 24252 வீட்டு அளவுக்கு மேற்பட்ட பயோகேஸ் அமைப்புகளுக்கான தரநிலை. ஒரு நாட்டில் தனித் திட்டம் எதுவும் இல்லையென்றால் அதிலிருந்து தொடங்கலாம்.

எங்களிடம் ஐ.எஸ்.ஓ. 9001, 14001, 45001 மூன்றுமே இருக்கின்றன. போதாதா?

அவை தரம், சுற்றுச்சூழல், தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றின் நிர்வாக முறைக்கான சான்றிதழ்கள். இலக்கு வைத்தீர்களா, பதிவு செய்தீர்களா, தவறைத் திருத்தினீர்களா என்று பார்க்கும். பிஸ்கட் ஆலைக்கும் பயோகேஸ் ஆலைக்கும் அதே வாசகம்தான். டைஜஸ்டரின் மேல் வாயுவைத் தேக்கும் இரட்டைச் சவ்வுக் கூரையில் உள்சவ்வு கிழிந்திருக்கிறதா என்று அந்தத் தரநிலையில் எங்கும் எழுதியிருக்காது.

அதற்காக அவை வீண் என்று சொல்லவில்லை. ஆவணக் கட்டுப்பாடு, உள் ஆடிட், நிர்வாகக் கூட்டம் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் துறைச் சான்றிதழுக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் தொழில்.

ஆடிட்டர் வந்தால் உண்மையில் என்ன பார்ப்பார்?

முதலில் காகிதம்: உரிமங்கள், அபாய மதிப்பீடு, ஆலை வரைபடம், பராமரிப்பு அட்டவணை, பயிற்சிப் பதிவு, விபத்து மற்றும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் பதிவு, உள்ளே வந்த ஒவ்வொரு லோடும் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு. காகிதம் ஒழுங்காக இருந்தால் அது சீக்கிரம் முடிந்துவிடும்.

பிறகு அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றுவார். சுவாரசியம் இங்கேதான் தொடங்குகிறது. வெடி அபாய மண்டல வரைபடத்தில் பம்ப் அறை மண்டலம் 2 (எப்போதாவது கொஞ்ச நேரம் வெடிக்கும் வாயு சேரக்கூடிய இடம்) என்று இருக்கும். உள்ளே போனால் சாதாரண டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். அழுத்த வால்வை வாரம் ஒருமுறை சோதிப்பதாக அட்டவணை சொல்லும். வால்வுக்கு ஏறும் ஏணியில் தூசி படிந்திருக்கும். வாயு கண்டறியும் கருவியின் காலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) ஸ்டிக்கர் காலாவதி ஆகியிருக்கும். புதிதாகப் போட்ட குழாய் வரைபடத்தில் இருக்காது. இந்தக் கடைசிக் குறை வயதான ஆலைகளில் சகஜம். வரைபடம் ஆலை திறந்த நாளோடு நின்றுவிடுகிறது, ஆலை வளர்ந்துகொண்டே போகிறது.

அடுத்து ஆட்களிடம் பேசுவார். மேலாளரிடம் பேசுவதைவிட ஷிப்ட் ஆபரேட்டரிடம் பேசுவதுதான் அவருக்குப் பிடிக்கும். "ராத்திரி இரண்டு மணிக்கு அழுத்த அலாரம் அடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். "சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன்" என்பது மோசமான பதில் அல்ல. "அவர் எடுக்கவில்லை என்றால்?" என்ற அடுத்த கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதில்தான் ஆலையின் நிலை தெரியும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அலாரத்தை அடிக்கடி அமுக்கி நிறுத்தும் பழக்கம் கட்டுப்பாட்டுக் கணினியின் பதிவில் அப்படியே இருக்கும். அனுபவமுள்ள ஆடிட்டர் அந்தப் பதிவைத் திறந்து காட்டச் சொல்வார்.

பாதுகாப்பில் முதலில் எதைப் பார்ப்பது?

வெடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். ஆனால் சத்தமில்லாமல் ஆளைக் கொல்வது ஹைட்ரஜன் சல்ஃபைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கின் மோப்ப உணர்வே மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டதே என்று ஆள் நிம்மதியாவார். 500-க்கு மேல் சில நிமிடங்களில் நினைவு போகும், 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். இது காற்றைவிடக் கனமானது, எனவே குழிகளில் தேங்கும்.

2005 நவம்பரில் ஜெர்மனியின் ராடராய்ஸ்டெட் என்ற ஊரிலிருந்த பயோகேஸ் ஆலையில் நான்கு பேர் இப்படித்தான் இறந்தார்கள். இறைச்சித் துறைக் கழிவு ஒரு லோடு வந்து, மூடிய கூடத்துக்குள் இருந்த கொட்டும் குழியில் இறக்கப்பட்டது. குழியின் மூடி பழுதாகி மூட முடியாமல் கிடந்தது. கந்தகம் மிகுந்த கழிவு குழியில் ஏற்கெனவே இருந்த கழிவுகளோடு கலந்ததும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பியது. டைஜஸ்டருக்கும் வாயுக்கூரைக்கும் இதில் பங்கே இல்லை. கழிவு உள்ளே வரும் வாசலிலேயே நடந்தது.

அந்த ஒரு சம்பவத்தில் நல்ல நடைமுறை எது என்பது முழுக்க எழுதியிருக்கிறது. தெரியாத கழிவை முன்கூட்டிச் சோதிக்காமல் ஏற்காதீர்கள். அமிலத் தன்மையுள்ள கழிவையும் சல்ஃபைடு மிகுந்த கழிவையும் ஒரே குழியில் கலக்காதீர்கள். குழி மூடி பழுதானால் லோடு இறக்குவதை நிறுத்துங்கள், "இன்னைக்கு மட்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். கொட்டும் கூடத்தில் கட்டாயக் காற்றோட்டமும் நிலையான வாயு அலாரமும் வேண்டும். லாரி ஓட்டுநர் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாவிட்டாலும் உங்கள் அபாய மதிப்பீட்டில் இருக்க வேண்டும்.

மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு?

முடிந்தவரை இறங்காதீர்கள். கலக்கியை வெளியிலிருந்தே தூக்கி எடுக்கும்படி வடிவமைத்திருந்தால் பாதி இறக்கங்கள் தேவைப்படாது. இறங்கியே ஆக வேண்டுமென்றால் எழுத்து அனுமதி, தொட்டியைப் பிற குழாய்களிலிருந்து முழுதாகத் துண்டித்தல், காற்றோட்டம், உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் வாயு அளவீடு, வெளியே ஒரு காவலாள், உள்ளே இறங்காமலே ஆளைத் தூக்கும் கயிறும் மூன்று கால் தாங்கியும் வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. விழுந்த நண்பனைப் பார்த்ததும் குதிப்பது மனித இயல்பு. வெளியே நிற்பவர் எக்காரணத்தாலும் உள்ளே போகக் கூடாது என்பதை ஒத்திகை பார்த்துப் பழக்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாளால் அது நடக்காது.

மீத்தேன் கசிவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏனென்றால் ஆலை இருப்பதற்கான நியாயமே அதில் இருக்கிறது. கழிவு திறந்தவெளியில் அழுகி மீத்தேன் விடக்கூடாது என்றுதான் அதை டைஜஸ்டரில் போடுகிறோம். ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டின்படி, உயிர்ப்பொருளிலிருந்து வரும் மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்கு வெப்பமூட்டும். 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு.

டென்மார்க்கில் 23 ஆலைகளில் அளந்து 2019-இல் வெளியான ஆய்வில், உற்பத்தியாகும் மீத்தேனில் 0.4 முதல் 14.9 சதவீதம் வரை கசிந்தது தெரியவந்தது. சராசரி 4.6 சதவீதம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சராசரி அல்ல, அந்த இரண்டு முனைகள். ஒரே நாடு. அப்படியிருந்தும் ஓர் ஆலை மற்றொன்றைவிட 30 மடங்குக்கு மேல் கசியவிடுகிறது. நன்றாக நடத்தினால் எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

பணக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வாயுவில் மின்சாரம் எடுக்கும் 500 கிலோவாட் என்ஜின், 40 சதவீத மின் திறன் என்றால் மணிக்குச் சுமார் 125 கன மீட்டர் மீத்தேன் வேண்டும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 10 லட்சம் கன மீட்டர். இதில் 1 சதவீதம் கசிந்தால் 10,000 கன மீட்டர், எடையில் ஏறத்தாழ 7 டன். கரியமில வாயுக் கணக்கில் 190 டன்னுக்கு நிகர். அதே வாயு என்ஜினுக்குப் போயிருந்தால் 40,000 யூனிட் மின்சாரம் கிடைத்திருக்கும். இந்தக் கணக்கை உங்கள் ஆலையின் எண்களை வைத்து ஒருமுறை போட்டு முதலாளியிடம் காட்டுங்கள். கசிவு தேடும் கேமராவுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி வேறு வாதம் தேவைப்படாது.

எங்கே கசியும்?

அதிகம் அகப்படும் இடங்கள் இவை: மூடாமல் விட்ட ஸ்லரி சேமிப்புத் தொட்டி, அழுத்த வால்வு, சவ்வுக் கூரை சுவரோடு சேரும் விளிம்பு, கலக்கியின் கம்பிவடம் நுழையும் துளை, கண்ணாடிப் பார்வைத் துளை. இவற்றோடு என்ஜினின் புகைக்குழாய். கடைசியாகச் சொன்னதைப் பலர் கசிவாகவே எண்ணுவதில்லை. எரியாமல் தப்பும் மீத்தேன் புகையோடு போகிறது, என்ஜின் சரியாக டியூன் ஆகாவிட்டால் அது ஒன்றே ஓரிரு சதவீதம் வரும்.

இரட்டைச் சவ்வுக் கூரை இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. இரு சவ்வுகளுக்கும் இடையே ஊதும் காற்று வெளியேறும் இடத்தில் மீத்தேன் அளவை எடுத்து, அதே தேதியில் மாதா மாதம் எழுதி வையுங்கள். எண் மெல்ல ஏறினால் உள்சவ்வு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அகச்சிவப்புக் கேமராவை வெளியிலிருந்து வரவழைத்து ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவந்தால் மற்றவை தெரிந்துவிடும்.

வாயுக் கூரையை எப்போதும் நிறைத்தே வைத்திருப்பதும் ஒரு கெட்ட பழக்கம். வெயில் ஏறினால் வாயு விரியும், என்ஜின் திடீரென்று நின்றால் போக இடமிருக்காது. பாதி அளவில் வைத்து ஓட்டும் ஆலைகளில் அழுத்த வால்வு திறப்பது அரிது. வால்வு ஒவ்வொரு முறை திறப்பதையும் பதிவு செய்யுங்கள். ஆடிட்டர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளில் அது இருக்கும்.

பிளேர் இருக்கிறது. எரிவதே இல்லை. பரவாயில்லையா?

எரிய வேண்டிய தேவை வராததால் எரியவில்லை என்றால் சந்தோஷம். பற்றவைப்பு வேலை செய்யாததால் எரியவில்லை என்றால் உங்களிடம் பிளேர் இல்லை என்றே அர்த்தம். மாதம் ஒருமுறையாவது தானியங்கி முறையில் பற்றவைத்துப் பாருங்கள். அழுத்த வால்வு திறக்கும் அளவுக்கு முன்பே பிளேர் பற்றும்படி அளவுகளை அமைத்திருக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழாக இருக்கும் ஆலைகள் உண்டு. வாயு முதலில் வெறுமனே வெளியேறும், பிளேர் பிறகு பற்றும். மின்சாரம் போனாலும் பிளேர் இயங்குமா என்பதையும் சோதியுங்கள். என்ஜின் நிற்பதும் மின்சாரம் போவதும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும்.

நுண்ணுயிர் பக்கத்தில் சான்றிதழுக்கு என்ன அக்கறை?

டைஜஸ்டர் வயிறு மாதிரி. ஒரேயடியாகத் திணித்தால் புளித்துவிடும். புளித்தால் வாயு குறையும், நுரை வரும், அரைகுறையாகச் செரித்த ஸ்லரி வெளியேறும், வெளியே போன பிறகும் மீத்தேன் விடும். செயல்திறன் சிக்கல் சுற்றுச்சூழல் சிக்கலாவது இப்படித்தான்.

அதனால் ஆடிட்டர் பரிசோதனைப் பதிவுகளைக் கேட்பார். வெப்பநிலை நிலையாக இருக்கிறதா? மிதவெப்ப ஆலைகளுக்கு 35 முதல் 40 டிகிரி, உயர்வெப்ப ஆலைகளுக்கு 50 முதல் 55 வரை. எதுவாக இருந்தாலும் ஒரே நாளில் இரண்டு மூன்று டிகிரி ஏறி இறங்கினால் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. செரிமானம் தடுமாறும்போது சேரும் ஆவியாகும் கொழுப்பு அமிலத்துக்கும், அந்தப் புளிப்பைத் தாங்கும் காரத் தாங்குதிறனுக்கும் உள்ள விகிதம் எப்படிப் போகிறது? 0.3 ஒட்டி இருந்தால் பொதுவாக நிம்மதி, 0.4-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தீனியைக் குறைக்கும் நேரம். ஆனால் ஒவ்வொரு ஆலைக்கும் தனி இயல்பு உண்டு. எங்கோ படித்த எண்ணைவிட உங்கள் ஆலையின் போன வருட வரைகோடு நம்பகமானது. பிஎச் குறைவதைப் பார்த்துவிட்டுத்தான் நடவடிக்கை எடுப்பேன் என்றால் தாமதமாகிவிடும். காரத் தன்மை தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை பிஎச் அசையாது. அது அசையும்போது டைஜஸ்டர் ஏற்கெனவே படுத்திருக்கும்.

ஸ்லரிக்கு ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். அது வேறா?

வேறு. அது பொருளுக்கானது, இது ஆலைக்கானது. பிரிட்டனில் பாஸ் 110, ஸ்வீடனில் எஸ்.பி.சி.ஆர். 120, ஜெர்மனியில் ரால் தரக்குறி எல்லாம் ஸ்லரியை நம்பி வயலில் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை. கன உலோகம், நோய்க்கிருமி, பிளாஸ்டிக் துண்டு, செரிமானம் முடிந்ததா என்பதைப் பார்க்கும். ஐரோப்பிய விதிப்படி, பதப்படுத்த வேண்டிய வகை விலங்குக் கழிவை 12 மில்லிமீட்டருக்குள் நறுக்கி, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அந்த வெப்பநிலைப் பதிவைக் காட்ட முடியாவிட்டால் ஸ்லரிச் சான்றிதழும் போகும், ஆலைச் சான்றிதழும் போகும்.

இரண்டும் இருந்தால் பல ஆவணங்கள் பொதுவானவை என்பதால், இரண்டு ஆடிட்டையும் ஒரே வாரத்தில் வைக்கக் கேட்டுப் பாருங்கள். பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும்.

தொட்டி உடைந்தால் ஸ்லரி எங்கே போகும்?

அதற்குத்தான் சுற்றுக்கரை. பிரிட்டனில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு: மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம், அல்லது எல்லாத் தொட்டிகளின் மொத்தத்தில் 25 சதவீதம், இதில் எது அதிகமோ அது. ஸ்லரி ஓர் ஓடையில் கலந்தால் அதிலுள்ள அம்மோனியாவும், நீரிலுள்ள ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்வதும் சேர்ந்து மைல் கணக்கில் மீனைக் கொல்லும். கரை கட்டியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கரைக்குள் தேங்கும் மழைநீரை வெளியேற்றும் வால்வு பூட்டி இருக்கிறதா, கரையை யாராவது குழாய் பதிக்கத் துளைத்திருக்கிறார்களா என்று நடந்து பாருங்கள். நூறு கன மீட்டர் தாங்கும் கரையில் ஒரு கைப்பிடி அளவு ஓட்டை இருந்தால் அது தாங்காது.

மின்னல் பாதுகாப்பும் இதில் வருமா?

வரும். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அருகே கேசிங்டன் ஆலையில் வாயுத் தொட்டி மீது மின்னல் தாக்கிப் பெரிய தீக்கோளம் எழுந்தது. யாருக்கும் காயமில்லை. மின்னல் அபாய மதிப்பீடு, நிலத்தொடர்பின் மின்தடை அளவீடு, இடி மழை வந்தால் கூரைப் பக்கம் யாரும் ஏறக் கூடாது என்ற உத்தரவு மூன்றும் கோப்பில் இருக்கட்டும்.

ஆபரேட்டர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?

ஜெர்மனியின் டி.ஆர்.ஜி.எஸ். 529 என்ற தொழில்நுட்ப விதி நல்ல அளவுகோல். பொறுப்பிலிருப்பவரும் அவருக்குப் பதிலாக நிற்பவரும் பயோகேஸ் பாதுகாப்பில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது ஆளைச் சேர்த்ததுதான் இதில் புத்திசாலித்தனம். பெரும்பாலான ஆலைகளில் எல்லாம் தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் லீவில் போன வாரத்தில்தான் ஏதாவது நடக்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆக்ஸ்டார் பிரிவு ஆபரேட்டர்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது, இலவசம். பண்ணை ஆலைகளை மனதில் வைத்து எழுதியது என்றாலும் மற்றவர்களுக்கும் உதவும். ஆனால் வகுப்பறைச் சான்று மட்டும் போதாது. ஒவ்வொருவரும் தன் ஆலையின் அவசர நிறுத்தத்தைக் கையால் செய்து காட்டியிருக்கிறாரா என்பதற்குப் பதிவு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெல்டிங் வேலைக்கு ஒருநாள் வருபவருக்குத்தான் எந்தக் குழாயில் வாயு ஓடுகிறது என்று தெரியாது.

சின்ன ஆலைக்கு இது தாங்குமா?

கட்டணம் நாட்டுக்கு நாடு, ஆலைக்கு ஆலை மாறும். அதைவிடப் பெரிய செலவு ஆள் நேரம். மூன்று பேர் நடத்தும் பண்ணை ஆலையில் ஆவணம் எழுத தனியாள் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை: சான்றிதழுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டாம். திட்டத்தின் கேள்விப் பட்டியல் கிடைத்தால் அதை வாங்கி, நீங்களே ஒருமுறை மதிப்பெண் போடுங்கள். பக்கத்து ஆலைக்காரரை வரச்சொல்லி, அவர் உங்கள் ஆலையையும் நீங்கள் அவர் ஆலையையும் பார்த்தால் இன்னும் நல்லது. சொந்த ஆலையில் தினம் பார்க்கும் கசிவு கண்ணில் படாது, அடுத்தவர் ஆலையில் உடனே படும்.

பெரிய கழிவு ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடும் ஆலை என்றால் கணக்கு வேறு. அங்கே சான்றிதழ் விற்பனைக் கருவியும்கூட.

காப்பீடு, கடன் இவற்றில் சலுகை கிடைக்குமா?

கிடைக்கும் என்று யாராவது பொதுவாக உறுதி சொன்னால் நம்பாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் தன் சொந்த ஆய்வாளரை அனுப்பத்தான் செய்யும். ஆனால் அவர் கேட்கும் தாள்கள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருப்பது பேரத்தில் உதவும். விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆடிட்டில் குறை வந்தால் சான்றிதழ் கிடைக்காதா?

எல்லாக் குறையும் ஒன்றல்ல. பெரிய குறை என்றால் திருத்தும்வரை சான்றிதழ் இல்லை. சிறிய குறைக்குக் கெடு கொடுப்பார்கள். முதல் ஆடிட்டில் குறையே வராத ஆலை இருந்தால் ஆடிட்டரைத்தான் சந்தேகிப்பேன்.

திருத்தும்போது மூல காரணத்தை எழுதுங்கள். "காலிபரேஷன் செய்தாயிற்று" என்பது திருத்தம். "காலிபரேஷன் தேதியை நினைவுபடுத்த யாரும் இல்லாமல் போனது, இனி பராமரிப்பு மென்பொருளே நினைவூட்டும்" என்பது மூல காரணம். இரண்டாவதை எழுதினால்தான் அடுத்த வருடம் அதே குறை திரும்பாது.

சான்றிதழ் பெற்ற ஆலையில் விபத்து நடக்காதா?

நடக்கலாம். ஆடிட்டர் வருடத்தில் ஓரிரு நாட்கள்தான் வருகிறார், அதுவும் தேதி சொல்லிவிட்டு. அவர் வரும் வாரம் ஆலை பளபளக்கும். பார்த்ததைக்கூட மாதிரியாகத்தான் பார்க்க முடியும். ஆகவே அக்கம்பக்கத்தாரிடம் "சான்றிதழ் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று சொல்லாதீர்கள். போன ஆண்டு எத்தனை வாடைப் புகார் வந்தது, கசிவு அளவு எவ்வளவு, என்ன சரிசெய்தோம் என்று எண்களோடு சொன்னால் அவர்கள் கேட்பார்கள். புகார் பதிவேடும் ஆடிட்டில் வரும், காலியாக இருந்தால் ஏன் காலி என்றும் கேட்பார்கள்.

எந்தச் சான்றிதழ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது?

அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். பொருள் மற்றும் செயல்முறைச் சான்றிதழ் தருவோருக்கு ஐ.எஸ்.ஓ. 17065, நிர்வாக முறைச் சான்றிதழ் தருவோருக்கு ஐ.எஸ்.ஓ. 17021 என்ற தரநிலைகள் உண்டு. அடுத்து, அனுப்பப் போகும் ஆடிட்டர் இதற்கு முன் எத்தனை டைஜஸ்டர் பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். ஆலோசனையும் தந்து சான்றிதழும் தருகிறேன் என்று ஒரே நிறுவனம் சொன்னால் விலகிவிடுங்கள்.

சரி, இந்த வாரம் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆலை வரைபடத்தை அச்செடுத்து, ஒரு சிவப்புப் பேனாவும் இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவரும் கூட வர, கொட்டும் குழியிலிருந்து ஸ்லரித் தொட்டிவரை நடங்கள். வரைபடத்தில் இல்லாத குழாய், வேலை செய்யாத அலாரம், பூட்டாத வால்வு, தேதி தாண்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் அதிலேயே குறியுங்கள். ஆபரேட்டர் "அது ரொம்ப நாளா அப்படித்தான் சார்" என்று சொல்லும் இடங்களில் மட்டும் இரண்டு வட்டம் போடுங்கள். திருத்த வேண்டியவற்றின் வரிசையில் அவைதான் முதலில் வர வேண்டும்.